எம்.எஸ். இருக்கும் மனைவிக்குக் குழந்தை: மாத்திரையை எப்போது நிறுத்துவது?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கணவர் கேட்டிருக்கிறார். மனைவிக்கு 27 வயது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு கண் மங்கி, பிறகு இடது கால் மரத்துப்போய், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்., உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று தெரிந்திருக்கிறது. அதை அடக்கி வைக்கத் தினம் ஒரு டெரிஃப்ளூனமைட் மாத்திரை. ஒன்றரை வருடமாகத் தொந்தரவு எதுவும் இல்லை. "மாத்திரையை நிறுத்திட்டு முயற்சி பண்ணுங்க, எல்லாம் தன்னால சரியாயிடும்" என்பது கணவருடைய அம்மாவின் யோசனை. "குழந்தையே வேண்டாம், பொண்ணு படுத்த படுக்கையாயிடுவா" என்பது மாமனாரின் பயம். குழந்தைக்கும் இந்த நோய் வருமா, சிசேரியன்தான் செய்ய வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, முதலில் நேரான பதில். உங்கள் மனைவி குழந்தை பெற்றுக்கொள்ளலாம். எம்.எஸ். கருத்தரிக்கும் திறனைக் கெடுப்பதில்லை. கர்ப்பத்தால் நோய் நிரந்தரமாக மோசமாகிவிடும் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னார்கள். உங்கள் மாமனார் சொல்வது அந்தக் காலத்துப் பேச்சு, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அம்மா சொல்வதுபோல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு முயற்சி செய்தால், இரண்டு விதமாக மாட்டிக்கொள்வீர்கள். அதைத்தான் முதலில் விளக்க வேண்டும்.

டெரிஃப்ளூனமைட் கருவுக்கு ஆகாத மருந்து. விலங்குகளில் செய்த சோதனைகளில் கருவின் வளர்ச்சியைக் கெடுத்தது என்பதால், கர்ப்பத்தில் இதைக் கொடுக்கவே கூடாது என்பது விதி. பிரச்சினை என்னவென்றால், இன்று நிறுத்தினால் நாளை உடம்பை விட்டுப் போகும் மாத்திரை இது இல்லை. பித்தநீரோடு குடலுக்கு வந்து, அங்கிருந்து மறுபடியும் ரத்தத்துக்கே திரும்பிவிடும். தானாக வெளியேறச் சராசரியாக 8 மாதம் ஆகும், சிலருக்கு 2 வருடம்கூட ஆகும். அதனால் இதைக் கழுவி வெளியேற்ற ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொலெஸ்டிரமின் என்ற பொடியை ஒரு வேளைக்கு 8 கிராம், தினம் மூன்று வேளை, 11 நாள் கரைத்துக் குடிக்க வேண்டும். வயிறு உப்பும், மலச்சிக்கல் வரும், குடிப்பதற்குச் சுகமாக இருக்காது. தாங்கவில்லை என்றால் அளவைப் பாதியாகக் குறைப்பார்கள், அல்லது மருந்துக் கரித்தூள் கொடுப்பார்கள். முடிந்தபின் ரத்தத்தில் மருந்தின் அளவு லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிறதா என்று, 14 நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனை எங்கே நடக்கும், முடிவு வர எத்தனை நாள் ஆகும் என்பதைப் பொடியைத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை அளவு சரியாக வந்த பிறகும் ஒன்றரை மாதம் பொறுத்துத்தான் முயற்சியைத் தொடங்கச் சொல்வார்கள்.

இதில் யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. இந்தப் பொடி குடலில் மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும், கருத்தடை மாத்திரையையும் சேர்த்து. ஆக, அந்த நாட்களில் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. ஆணுறை வேண்டும்.

இரண்டாவது சிக்கல், மாத்திரை போன பிறகு நோயைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லாமல் இருப்பது. கரு எப்போது தங்கும் என்று யாருக்குத் தெரியும்? மூன்று மாதத்திலும் தங்கும், ஒன்றரை வருடமும் ஆகும். அத்தனை நாளும் மருந்தில்லாமல் விடுவது அவரவர் நோயின் வேகத்தைப் பொறுத்துப் பெரிய ஆபத்தாகிவிடலாம். பெரும்பாலும் டாக்டர்கள் இடையில் கிளாட்டிரமர் ஊசிக்கோ இன்டர்ஃபெரான் பீட்டா ஊசிக்கோ மாற்றுவார்கள். இவை இரண்டும் பல வருடமாகக் கர்ப்பிணிகளிடம் பார்த்த மருந்துகள். கரு தங்கும்வரை போடலாம், தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் தொடரலாம், தாய்ப்பால் கொடுக்கும்போதும் போடலாம். இன்டர்ஃபெரானுக்கு ஐரோப்பிய மருந்து முகமையே 2019இல், கர்ப்பத்தில் போடக் கூடாது என்ற தடையை நீக்கிவிட்டது. (இந்த ஊசிகளை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நினைவு வைத்திருப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கையில் ஒரு ஐஸ் பெட்டி இருக்கட்டும்.)

மனைவியின் மருந்து வேறாக இருந்தால் கணக்கும் வேறு. படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபிங்கோலிமாட் எடுப்பவர்கள் அதை நிறுத்தி 2 மாதமாவது கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும், கருவுக்குக் குறைபாடு வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. அதைவிட முக்கியம், ஃபிங்கோலிமாடைத் திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த நோய் முன்பைவிடப் பலமாகத் திரும்பக்கூடும். நாள் தள்ளிப்போன பயத்தில் யாரையும் கேட்காமல் அந்த மாத்திரையை விட்ட ஒரு பெண், இரண்டே மாதத்தில் சக்கர நாற்காலியில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். நடாலிசுமாப் ஊசியும் நிறுத்தினால் அப்படித் திருப்பி அடிக்கும். அதனால் தீவிரமான நோய் உள்ளவர்களுக்கு அதைக் கர்ப்பத்தின் 30 வாரத்துக்கு மேலும் இடைவெளி விட்டுக் கொடுப்பது உண்டு. டைமீதைல் ஃபியூமரேட் சீக்கிரம் உடம்பை விட்டுப் போய்விடும், கர்ப்பம் உறுதியானதும் நிறுத்தினால் போதும் என்று பலர் விடுகிறார்கள். கிளாட்ரிபின் என்றால் கடைசி மாத்திரையிலிருந்து 6 மாதம்.

விலை குறைவு என்பதால் நம் ஊர்ப் பக்கம் அதிகம் போடப்படுவது ரிட்டுக்சிமாப் டிரிப்ஸ். இது பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு விதத்தில் வசதியான மருந்துதான். மருந்து உடம்பை விட்டுப் போன பிறகும் அதன் பலன் பல மாதம் தங்கும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் 12 மாதம் கருத்தரிக்கக் கூடாது என்று இருக்கும். நடைமுறையில் நரம்பியல் நிபுணர்கள் பலர் கடைசி டிரிப்ஸ் முடிந்து 3 மாதம் போல் கழித்து முயற்சி செய்யச் சொல்கிறார்கள். தாளைப் படித்துப் பயந்துபோய் டாக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள், ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உண்மையிலேயே எம்.எஸ்.தானா? கண் நரம்பும் தண்டுவடமும் பாதிக்கிற என்.எம்.ஓ. என்றொரு நோய் இருக்கிறது. பார்வைக்கு எம்.எஸ். போலவே இருக்கும். நம் நாட்டில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது அரிதல்ல. ஆனால் கர்ப்பத்தில் என்.எம்.ஓ. நடந்துகொள்ளும் விதமே வேறு. எம்.எஸ். கர்ப்பத்தில் அடங்குவதுபோல் அது அடங்கும் என்று நம்ப முடியாது, மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று பழைய ஃபைலில் தேடிப் பாருங்கள். இல்லை என்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கண்ணில் தொடங்கியிருப்பதால் உங்கள் மனைவிக்கு இது இன்னும் அவசியம்.

ஒன்றரை வருடமாக நோய் அமைதியாக இருக்கிறது என்பது நல்ல சேதி. ஒரு வருடமாவது அட்டாக் (நோய் மறுபடி கிளம்பிப் புது அறிகுறி காட்டுவது) இல்லாமல் இருந்துவிட்டுக் கருத்தரிப்பது நல்லது என்பதே பொதுவான ஆலோசனை. மருந்து மாற்றி, கழுவி, ஊசி பழகி, புது எம்.ஆர்.ஐ. ஒன்று எடுத்துவிட்டு முயற்சியைத் தொடங்க இன்னும் சில மாதம் ஆகும். அதுவரை கருத்தடை வேண்டும், அரைகுறையாக அல்ல, உறுதியாக. எம்.எஸ். உள்ள பெண்ணுக்குக் காப்பர்-டி பொருந்தும். ஆனால் சில மாதத்தில் எடுத்துவிடப் போகிறீர்கள் என்றால் ஆணுறையும் கருத்தடை மாத்திரையும் சேர்ந்தே போதும், பொடி குடிக்கும் நாட்களைப் பற்றி மேலே சொன்னதை மறக்காமல். நடமாட்டம் குறைந்து பெரும்பாலும் படுக்கையிலோ நாற்காலியிலோ இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை ஆகாது, காலில் ரத்தம் உறையும். அசதிக்கு மோடாஃபினில், நரம்பு வலிக்குக் கார்பமாசபைன் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. இந்த மருந்துகள் கருவுக்கும் உகந்தவை அல்ல, ஆகவே அசதிக்கும் வலிக்கும் இறுக்கத்துக்கும் எடுக்கிற எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்க ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனை வெயில் அடிக்கிற ஊரில் எதற்கு என்று கேட்பீர்கள், ஆனால் நம் பெண்களுக்கு அது குறைவாக இருப்பது சகஜம்.

இனி, கர்ப்பத்தில் என்ன நடக்கும். 12 ஐரோப்பிய நாடுகளில் எம்.எஸ். உள்ள 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1998இல் வெளிவந்தது. இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதன் கணக்கை எளிமையாகச் சொன்னால், 10 பெண்களை ஒரு வருடம் கவனித்தால் கர்ப்பத்துக்கு முன் 7 அட்டாக் வருகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அதே வேகம் 2 ஆகக் குறைகிறது. பிரசவம் ஆன முதல் மூன்று மாதங்களில் 12 ஆக ஏறுகிறது. பிறகு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வயிற்றில் இருக்கும் பிள்ளை பாதி அப்பாவுடையது, அதை அந்நியம் என்று தாக்கிவிடாமல் இருக்கத் தாயின் எதிர்ப்பு சக்தி தன்னை அடக்கிக்கொள்கிறது. அந்த அடக்கம் எம்.எஸ்.ஸுக்கும் நல்லதாக அமைகிறது. பிள்ளை பிறந்ததும் அடக்கம் விலகுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த மூன்று மாதத்தில்கூட அட்டாக் வந்தது 28 சதவீதப் பெண்களுக்குத்தான். அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்கு இன்றைய மருந்துகள் கிடைத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பத்தில் திடீரென்று கால் பின்னினாலோ பார்வை மங்கினாலோ முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் பழைய அறிகுறிகளைக் கிளப்பிவிடும், அது புது அட்டாக் அல்ல. உண்மையான அட்டாக் என்றால் மீதைல் பிரட்னிசலோன் டிரிப்ஸ் 3 முதல் 5 நாள் கொடுப்பார்கள். முதல் மூன்று மாதங்களில் தவிர்க்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் கொடுப்பார்கள். சர்க்கரை ஏறும், கவனிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், சாய ஊசி போடாமல்.

பிரசவத்துக்கு வருவோம். எம்.எஸ். என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் தேவையில்லை. முதுகில் போடும் மயக்க ஊசியால் நோய் கிளம்பும் என்ற பயமும் வேண்டாம். நான் பார்த்தவரை சிக்கல் பிரசவ அறையில் இல்லை, அதற்கு முன்பு வளைகாப்பில் தொடங்குகிறது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். இதுவரை பார்த்த டாக்டர் ஒரு ஊரில், பிரசவம் இன்னொரு ஊரில். அங்கே இருப்பவருக்கு எம்.எஸ். பற்றி ஒரு வரி தெரியாது, ஃபைல் பீரோவில் பூட்டிக் கிடக்கும். உங்கள் மாமனார் வீடு விருத்தாசலம் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வளைகாப்பைத் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பிரசவத்தை நரம்பியலும் மகப்பேறும் ஒன்றாக உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்குப்பத்துக்கு எட்டுகிற தூரத்தில் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எங்கே பார்த்தாலும், உங்கள் பகுதி நர்ஸம்மாவிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கும்போதே தாய்-சேய் அட்டையின் முதல் பக்கத்தில் எம்.எஸ். என்றும் மருந்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் அந்த அட்டைதான் பேசும்.

பிள்ளை பிறந்த பிறகுதான் உண்மையான வேலை. கடலூர்ப் பெண் ஒருத்தி, சுகப்பிரசவம், வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். பாட்டி நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை இடுப்பிலும் முதுகிலும் அடித்து ஊற்றியிருக்கிறார். பிறகு சாம்பிராணிப் புகை போட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். எழுந்தபோது அவளுக்குக் கண் தெரியவில்லை, கால் நிற்கவில்லை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். குளிர்ந்த அறையில் ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்தோம். கொஞ்ச நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னாள். உடம்பு சூடேறினால் பழுதுபட்ட நரம்பில் செய்தி ஓடுவது தடைபடும், சூடு தணிந்ததும் திரும்பும். நிரந்தரச் சேதம் இல்லை, ஆனால் கையில் பிள்ளையோடு விழுந்தால்? அதனால் பாட்டிமார்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வெதுவெதுப்பான தண்ணீர், திறந்த ஜன்னல், ஓடுகிற ஃபேன். கத்திரி வெயிலில் பிரசவ நாள் விழுகிறதென்றால் ஏசிக்குக் கடன் வாங்கினாலும் தப்பில்லை.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கொடுக்கலாம், கொடுப்பது தாய்க்கும் நல்லது. 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தாய்ப்பால் கொடுத்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய அட்டாக் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நோய் லேசாக இருப்பவர்களே அதிகம் பால் கொடுத்திருக்கலாம் என்பதால் முழுப் பெருமையையும் பாலுக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் குறைந்தது இரண்டு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதே நல்ல பலன் தந்த முறை. மட்டும் என்றால் சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் கிடையாது. ஆனால் நோய் தீவிரமாக இருந்தவர்கள் பாலுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது, பிரசவமான சில வாரங்களிலேயே தொடங்க வேண்டியிருக்கும். கிளாட்டிரமர், இன்டர்ஃபெரான் போட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். டெரிஃப்ளூனமைட், ஃபிங்கோலிமாட், கிளாட்ரிபின் என்றால் பால் கூடாது. பழைய மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுவிட வேண்டாம்.

கர்ப்பத்தின் பின்பாதியில் ரிட்டுக்சிமாப், நடாலிசுமாப் போன்ற மருந்து ஏறியிருந்தால் குழந்தை டாக்டரிடம் பிறந்த அன்றே சொல்ல வேண்டும். நம் நாட்டில் பிறந்ததும் பி.சி.ஜி. ஊசியும் போலியோ சொட்டும் கொடுத்துவிடுவார்கள். அவை உயிருள்ள தடுப்பு மருந்துகள். தாயின் மருந்து குழந்தையின் எதிர்ப்பு அணுக்களைக் குறைத்திருந்தால் அவற்றைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். பிரசவ வார்டில் ஊசி போடுகிற நர்ஸுக்கு அது தெரிய வழியில்லை, நீங்கள்தான் வாயைத் திறக்க வேண்டும்.

அப்புறம் ராத்திரி. எம்.எஸ். அசதி சாதாரணக் களைப்பு மாதிரி தூங்கி எழுந்தால் போவதில்லை, தூக்கம் கெட்டால் இரட்டிப்பாகும். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை என்கிறீர்கள். முதல் மூன்று மாதம் பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாருங்கள். பால் கொடுப்பதைத் தவிர, துணி மாற்றுவது, ஏப்பம் விட வைப்பது, தூங்க வைப்பது எல்லாம் அப்பாவால் முடியும். பிழியும் பாலை ராத்திரி ஒரு வேளை நீங்களே ஊட்டலாம். அவர் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாலோ பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றாலோ "பச்ச உடம்பு, அப்படித்தான்" என்று விடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதல், அதற்கும் மருந்து இருக்கிறது.

குழந்தைக்கு வருமா? எம்.எஸ். நேரடியாகப் பரம்பரையாக இறங்கும் நோயல்ல. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 2 முதல் 3 என்று மேலை நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. நம் நாட்டில் நோயே அங்கிருப்பதைவிட அரிது. வயிற்றில் இருக்கும்போது கண்டுபிடிக்கும் பரிசோதனை எதுவும் இல்லை, அதற்காக அலைய வேண்டாம்.

ஒருவேளை நீங்கள் இதைப் படிக்கும்போதே மாத்திரையோடு கரு தங்கியிருந்தால், பயந்து மருந்துக் கடையில் கலைப்பு மாத்திரை வாங்காதீர்கள். டெரிஃப்ளூனமைடை அன்றே நிறுத்தி, உடனே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். கழுவும் பொடியைக் கர்ப்பத்திலும் கொடுக்க முடியும். தெரியாமல் கருத்தரித்தவர்களின் பதிவுகளில் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறந்திருக்கின்றன. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் உறுப்பு ஸ்கேனைத் தவறவிடாமல் பார்த்து, பிறகு முடிவெடுக்கலாம்.

இரண்டாவது பிள்ளையைப் பற்றி இப்போதே பேச வேண்டாம். முதல் பிரசவம் முடிந்து, மருந்து திரும்பத் தொடங்கி, எம்.ஆர்.ஐ. அமைதியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். போதும் என்று முடிவானால், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை உங்கள் மனைவி செய்துகொள்ளத் தடையில்லை. ஆனால் ஆண்களுக்கான தையல் இல்லாத முறை அதைவிடச் சின்ன வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். அது உங்கள் முறை என்று வைத்துக்கொள்ளலாமே.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது உங்கள் அம்மாவையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, எம்.ஆர்.ஐ. படமும் சி.டி.யும் வேண்டும். மாத்திரையை அன்றுவரை நிறுத்த வேண்டாம், ஆணுறையையும்.